கறுப்பு கழற்றிய நாள்

அத்தியாயம் பதினொன்று

டினுஷாவின் ஒரு வருஷப் பூசைக்குத் தன்னாமுனைக் கோயில் நிறைந்துவிட்டது. பாதிச் சனம் ஜொய்சனைப் பார்க்க வந்திருந்தது.

முன்வரிசையில் கறுப்புச் சட்டையோடு முழங்காலில் நின்ற றெஜிக்கு அது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. காணிக்கை நேரத்தில் வாசலில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. சனம் திரும்பி இருக்க, வாங்குப் பலகைகள் கிறீச்சிட்டன. சின்னப் பிள்ளைகள் குசுகுசுத்தார்கள். தம்பி ஜொய்சன் வந்துவிட்டான்.

"பூசைக்கும் பிந்தித்தான் வருவானா, அதுவும் இண்டைக்கு?" என்று அம்மா செசீலியா வாய்க்குள் சொன்னார்.

கோபமாகச் சொன்னதாகத்தான் அவருக்கு நினைப்பு. குரலில் பெருமைதான் இருந்தது.

மட்டக்களப்பில் ஜொய்சனைத் தெரியாத ஆட்கள் இப்போது குறைவு. எட்டு வருஷத்துக்கு முதல் பங்கு மண்டபத்தில் மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய ரொக் இசைக்குழு 'கண்டல்'. ஜொய்சன் பாட்டு. காத்தான்குடி ஷிஹான் கிற்றார். றெஜி டிரம். அவர்கள் போட்ட சத்தத்தில் மண்டபத்து ஓடு இரண்டு கழன்று விழுந்தது என்பார்கள். றெஜிக்குப் பகலில் நீர்ப்பாசன அலுவலகத்தில் உத்தியோகம். மிச்ச நேரமெல்லாம் கண்டல்.

போன வருஷம் டெங்கு வந்தது. ஐந்தே நாள். றெஜியைக் கலியாணம் முடித்து நான்கு வருஷத்தில் டினுஷா போய்விட்டாள்.

சவக்காலையில் மண் போட்ட கையைத் தட்டிவிட்டு, ஜொய்சன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: "அண்ணன் கறுப்பு கழட்டுற மட்டும் கண்டல் மேடை ஏறாது."

மச்சாளுக்கு எவ்வளவு மரியாதை என்று ஊர் மெச்சியது. றெஜி டிரம் செற்றைப் போர்வையால் மூடினான். வருஷம் முழுக்கக் குச்சியைத் தொடவில்லை.

ஜொய்சனும் வாக்குத் தவறவில்லை. கண்டல் என்ற பெயரில் ஒரு வரிகூடப் பாடவில்லை. வேறு பெயர்களில் பாடினான்.

முப்பத்தோராம் நாள் கழிந்த கையோடு, கலியாண வீடுகளில் பைலா பாட ஒரு குழு. அடுத்து, சின்னப் பிள்ளைகளுக்குக் 'கொடுவாக் குஞ்சு' என்று மீன் பாட்டுகள். யூரியூபில் இலட்சக் கணக்கில் பார்த்தார்கள். பிறகு கொழும்பில் ஒரு சிங்களப் பெடியனோடு இருமொழிப் பாட்டு. அந்தப் பெடியன் குழுவுக்குப் 'பாடும் மீன்' என்று பெயர் வைக்கக் கேட்டானாம். "எங்கட ஊரில சைக்கிளுக்குக் காத்தடிக்கிற கடைக்கும் அந்தப் பேர்தான்டா," என்றானாம் ஜொய்சன். கூரைத் தகரத்துக்கும் நூடில்ஸுக்கும் வானொலி விளம்பரம். தவக்காலத்துக்குத் திருப்பாடல்கள். ஆக ஐந்து.

ஒவ்வொன்றும் வெளிவந்த அன்றே றெஜி கேட்டுவிடுவான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டை விட்டுவிட்டு, டிரம் அடித்தது யார் என்று மட்டும் கேட்பான்.

மனைவியைப் பறிகொடுத்தவனுக்குப் பொறாமை வராது என்று ஊர் நினைக்கிறது. வருகிறது. றெஜிக்கு அழுகை மரத்துப்போய் மாதக்கணக்காகிறது. பசி மரத்துவிட்டது. பொறாமை மட்டும் நேரம் தவறாமல் வேலை செய்தது.

பூசை முடிந்து எல்லாரும் சவக்காலைக்கு நடந்தார்கள். பாதர் ஜொய்சனின் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார்.

"திருப்பாடல் நல்லாயிரிக்கு மகன். இருபத்துமூண்டாவத இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாடியிருக்கலாம்."

"அடுத்த முறை இழுக்கிறன் பாதர்."

டினுஷாவின் கல்லறையில் றெஜி மெழுகுதிரி கொளுத்தினான். காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினான். பின்னால் ஒரு பிள்ளை, "மாமா, கொடுவாக் குஞ்சு பாடுங்க மாமா," என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. "இஞ்ச பாடப்படாது கண்ணா," என்றான் ஜொய்சன். அதற்குள் யாரோ ஒரு பெண் போனைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டாள்.

ஏறாவூர்ப் பக்கமிருந்து வந்த நல்லரத்தினம் என்பவர் றெஜியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டினுஷாவின் தகப்பனோடு ஒன்றாக வேலை செய்தவர்.

"நீங்கதான் ஜொய்சன்ட அண்ணனோ?"

"ஓம்."

"குடுத்து வச்சனீங்க தம்பி."

மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு றெஜி தலையாட்டினான்.

மத்தியானம் வீட்டில் சாப்பாடு. அதற்கு முதல் ஒரு சடங்கு இருந்தது. டினுஷாவின் தாய் வீட்டிலிருந்து புதுச் சட்டை வரும். அதைப் போட்டால் துக்கம் முடிந்தது என்று கணக்கு. நீலச் சட்டை வந்திருந்தது.

"கழட்டு மனே," என்றார் அம்மா. "போதும்."

றெஜி அறைக்குள் போய் மாற்றிக்கொண்டு வந்தான். போன வருஷத்து உடம்புக்கு எடுத்த அளவு. தோளில் தொங்கியது.

முன்னறையில் டிரம் செற் போர்வையில்லாமல் நின்றது. போன வாரம் முழுக்க அதைத்தான் துடைத்தான். தோல் மாற்றினான், சிம்பல்களுக்குத் தேசிக்காய் தேய்த்தான். இந்த ஒரு நாளைத்தான் வருஷம் முழுக்க எண்ணியிருந்தான். தம்பியின் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வரவேண்டும்.

"நல்லாயிரிக்கு அண்ணன்," என்றான் ஜொய்சன், சோற்றில் கையை வைத்துக்கொண்டு. "நீலம் உனக்கு எடுக்குது."

றெஜி காத்திருந்தான். ஜொய்சன் இறால் பொரியலை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டான்.

"நாலு மணிக்குத் தொடங்குவமா?" என்று றெஜியே கேட்டான்.

"என்னத்த?"

"என்னத்தயா? கண்டல்."

சோறு குழைத்த விரல்கள் நின்றன. "இண்டைக்கு ஏலா அண்ணன். ஷிஹான்ட ஸ்ரூடியோவில ஒரு வேலை இரிக்கு."

"நல்லதுதானே. ஷிஹானும் கண்டல், நீயும் கண்டல். நான் அங்க வாறன்."

"இது வேற."

"எத்தினையாவது வேற?"

"சாப்பிடுற நேரத்தில என்ன கதை?" என்றார் அம்மா. "ஜொய்சன், சொதி விடட்டா?"

"ஆறாவது," என்றான் ஜொய்சன், சோற்றைப் பார்த்தபடி.

"பேர்?"

"இன்னும் வைக்கல்ல."

"நீ பாட்டு. ஷிஹான் கிற்றார். என்னை மட்டும் கழிச்சுப்போட்டா கண்டல் உங்களுக்கு வேற குழு ஆகிருமா? ஆர்றா டிரம்?"

"மெசின்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மெசினோட போட்டி போடுறான் பார், வளந்த மனுசன்!"

றெஜி சிரிக்கவில்லை. ஆள் என்றால் அடித்துக் காட்டி வெல்லலாம். மெசின் பிந்தாது, களைக்காது, அதற்கு மனைவி சாக மாட்டாள்.

ஜொய்சன் கை கழுவிவிட்டு வந்து அண்ணனின் பக்கத்தில் நின்றான். ஏதோ சொல்ல வந்தவன் போலத் தெரிந்தது. "நாளைக்கு நானே வந்து எல்லாம் சொல்றன். இண்டைக்கு மட்டும் நீ அங்க வராத அண்ணன்."

மோட்டார்சைக்கிள் சத்தம் திருமலை வீதியில் கரையும்வரை றெஜி அப்படியே இருந்தான்.

"அவனுக்கு நேரமில்ல மனே," என்றார் அம்மா, கோப்பைகளை அடுக்கியபடி. "நாலு இடத்தில கூப்பிடுறாங்க."

"என்னை ஒரு இடத்திலயும் கூப்பிடல்ல எண்டு சொல்றீங்க."

"நான் அப்பிடியா சொன்னன்?"

"சொல்லல்ல."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "இந்த வருஷம் அவன் இந்த வீட்டில எத்தினை நாள் படுத்தான், சொல்லு பாப்பம். அந்தக் குசினிக்குள்ள ஒருக்கா வந்து தண்ணி எடுத்துக் குடிச்சானா? நீ அவன்ட பாட்டுகளத்தான் கேட்ட. ஆளப் பாக்கல்ல."

றெஜி மோட்டார்சைக்கிள் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வராதே என்று சொன்ன இடத்துக்குப் போகாமல் இருக்கும் அளவுக்கு அவன் நல்லவனாக இல்லை.

ஷிஹானின் ஸ்ரூடியோ காத்தான்குடியில், அவன் வாப்பாவின் துணிக்கடைக்கு மேல் மாடி. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் நெடுக விலைபோகாத துணிச் சுருள்களை அடுக்கியிருப்பான். அதனால் அறைக்கு எப்போதும் புதுத்துணி வாசம். அன்றைக்கு ஏசி பழுது. கதவு பாதி திறந்து கிடந்தது.

கடைசிப் படியில் றெஜி நின்றுவிட்டான்.

உள்ளே தாளம் போய்க்கொண்டிருந்தது. அது மெசின் இல்லை. நான்கு அடியில் மூன்றாவது, மயிரிழை பிந்தி விழுந்தது. மனிதன்தான் அப்படி அடிப்பான். சரியாகச் சொன்னால் மட்டக்களப்பில் ஒரே ஒரு மனிதன்தான் அப்படி அடிப்பான். 'அண்ணன்ட நொண்டி' என்று ஜொய்சன் அதற்குப் பெயர் வைத்திருந்தான். திருத்தப் பார்த்து, முடியாமல், கடைசியில் கண்டலின் அடையாளமாகவே ஆகிப்போன நொண்டி.

எவனோ அதைப் பழகிக்கொண்டு அடிக்கிறான். என் இடத்தில் இருந்து, என் பிழையையும் எடுத்துக்கொண்டான். றெஜிக்குக் காது சுட்டது.

அப்போது குரல் வந்தது.

*பிந்திப் பிந்தி வாற மனுசா,*
*சோறு ஆறிப் போச்சு.*
*முந்தி வந்த நிலவுகூட*
*மூடிப் படுத்தாச்சு.*

ஜொய்சன் இல்லை. பெண் குரல். பயிற்சி இல்லாத, கொஞ்சம் மூக்கடைத்த குரல். பின்னால் எங்கோ பிறஷர் குக்கர் விசிலடித்தது. றெஜியின் வீட்டுக் குக்கர்.

அவன் கதவைத் தள்ளினான்.

ஷிஹான் சட்டென்று பாட்டை நிறுத்தினான். "றெஜி அண்ணன்… வாங்க, இரிங்க. கீழ இருந்து தேத்தண்ணி வரும், குடிச்சிட்டு…"

"எங்க எடுத்த?" றெஜி தம்பியைத்தான் கேட்டான்.

ஜொய்சன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தான். "மச்சாள் தந்தா."

"எப்ப?"

"காய்ச்சல் வாறதுக்கு மூண்டு கிழமைக்கு முதல். உன்ட பிறந்தநாளுக்குக் கண்டல் மேடையில பாடணும், உனக்குச் சொல்லப்படாது எண்டா. அவவே எழுதி, அவவே மெட்டுப் போட்டு, குசினிக்குள்ள இருந்து போன்ல பிடிச்சு அனுப்பினா."

"டிரம் ஆர்?"

"அவதான். மரக்கறி வெட்டுற பலகையில கரண்டியால. 'உங்கட அண்ணன் நொண்டி நொண்டித்தானே அடிப்பார்' எண்டு சொல்லிச் சிரிச்சா."

றெஜி துணிச் சுருள்களில் சாய்ந்தான்.

அவனுடைய போனில் டினுஷாவின் குரல் நாற்பத்தொரு இடத்தில் இருந்தது. வரக்குள்ள பச்சமிளகாய் வாங்கிற்று வாங்க. காஸ் முடியப்போகுது. திறப்ப மறந்திட்டுப் போயிற்றீங்க. தேங்கா ரெண்டு, சின்னது வேணாம். ஒரு வருஷமாக அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். பச்சமிளகாயைச் சொல்லும்போது அவள் குரல் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று அவனுக்கு மனப்பாடம்.

தனக்குப் பச்சமிளகாய். தம்பிக்குப் பாட்டு.

தம்பியில் சந்தேகம் இல்லை. சந்தேகமாக இருந்தால் அடிக்கலாம், ஊரைக் கூட்டலாம். இது வெறும் பொறாமை. எடுத்து வெளியே வைத்தால் வெட்கம்.

"ஒரு வருஷமா வச்சிருந்திருக்க."

"ஓம்."

"நான் இரவில மிளகாயும் தேங்காயும் கேட்டுட்டுக் கிடந்தன். நீ இத வச்சிருந்திருக்க."

"தர வந்தன் அண்ணன். மூண்டு தரம் வந்தன்."

"ஏன் தரல்ல?"

ஆயிரம் பேருக்கு முன்னால் கூசாதவன் இப்போது கால்விரலைப் பார்த்தான்.

"தந்தா அது உன்ட. பிறகு நான் அதக் கேக்கிறதெண்டாலும் உன்னட்டக் கேட்டுத்தான் கேக்கணும். மச்சாள் செத்தா தம்பிக்காரனுக்கு எத்தினை நாள் துக்கம் குடுப்பாங்க, சொல்லு. முப்பத்தொண்டு. உனக்கு ஒரு வருஷம் குடுத்தாங்க. கறுப்புச் சட்டை குடுத்தாங்க. சனம் வந்து உன்ட கையப் பிடிச்சிது. என்னட்டப் பாட்டுக் கேட்டாங்க." நிமிர்ந்தான். "எனக்கு எரிஞ்சிச்சு அண்ணன். செத்த வீட்டில நின்டு உன்னப் பாத்து எரிஞ்சிச்சு. என்னட்ட இருந்தது இது ஒண்டுதான்."

மின்விசிறி சுற்றியது. கீழே கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம்.

இரக்கப்பட வேண்டிய இடம் அது. றெஜிக்கே தெரிந்தது. ஆனால் அவனுக்குக் கேட்டதெல்லாம் கடைசிச் சொற்கள்தான். என்னட்ட இருந்தது.

"எனக்கு அனுப்பு," என்றான்.

ஜொய்சன் போனை எடுத்து அனுப்பினான். றெஜியின் சட்டைப்பைக்குள் மணி அடித்தது.

"இனி உன்ட போன்ல அழி."

"றெஜி அண்ணன்!" என்று எழும்பினான் ஷிஹான்.

"நீயும்தான். கொம்பியூட்டர்ல இருந்து. குப்பைக்கூடையிலயும் வச்சிராத."

"இஞ்ச பாருங்க, நான் உங்களுக்கும் கூட்டாளிதான். ஆத்திரத்தில சொல்றீங்க. நாளைக்கு…"

"அவ என்ட பொஞ்சாதி."

ஷிஹான் ஜொய்சனைப் பார்த்தான். ஜொய்சன் போனைத் திருப்பி அண்ணனுக்குக் காட்டி, விரலை அழுத்தினான். வெறுந்திரை.

"அழிடா ஷிஹான்," என்றான். "அவர்ட சாமான்."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு றெஜி ஒன்றில் வென்றான். தேத்தண்ணிக்கு நிற்காமல் படியிறங்கினான்.

கல்லடியில் பழைய பாலத்து முனைக்கு வந்தபோது ஐந்தரை. சனம் காற்று வாங்க வந்திருந்தது. இரண்டு பேர் கம்பியில் சாய்ந்து தூண்டில் போட்டிருந்தார்கள். றெஜி மோட்டார்சைக்கிளை நிறுத்தி, இருக்கையில் இருந்தபடியே ஹெட்போனைக் காதில் மாட்டினான்.

முதலில் அவள் தொண்டையைச் செருமினாள். பிறகு பலகையில் கரண்டி. பிந்திப் பிந்தி வாற மனுசா. அவன் கண்ணை மூடினான். முழுக்க என்னுடையது. வேறு எவனிடமும் இல்லை.

இரண்டாவது சரணம் முடிந்தது. கரண்டியை நிறுத்தாமலே டினுஷா பேசினாள்.

"ஜொய்சன், இந்த இடத்தில நான் இல்ல. எட்டுச் சுத்து நீ பாடு. எனக்குச் சொல் வரல்ல. சின்னனில அண்ணன் உன்னத் தூக்கிட்டுத் திரிஞ்ச கதையெல்லாம் உனக்குத்தானே தெரியும். என்னத்தயாவது பாடு. நான் தாளம் மட்டும் விடுறன்."

பிறகு பலகை மட்டும். டக் டக், கொஞ்சம் பிந்தி டக், டக். குக்கர் இரண்டு தரம் விசிலடித்தது. எட்டாவது சுற்று முடியவும் அவள் திரும்ப வந்து, சோறு ஆறிப்போச்சு என்று முடித்துவிட்டுச் சிரித்தாள்.

றெஜி திரும்பப் போட்டான். மூன்றாம் தரமும் போட்டான். ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் அதே வெறுமை. அவளாலும் நிரப்ப முடியாமல் விட்டது. அவனால் அடிக்க முடியும், பாட முடியாது. பாட இருந்தவனைத்தான், அதே எட்டுச் சுற்றுக்காக மைக்குக்கு முன்னால் போயிருந்தவனைத்தான், அழி என்று சொல்லி நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

இண்டைக்கு மட்டும் வராத அண்ணன்.

போனை எடுத்துத் தம்பிக்கு அடித்தான். தம்பி வெட்டினான். மறுபடி அடித்தான். மறுபடியும் வெட்டினான்.

மூன்றாம் தரம் தம்பி எடுத்தான். வாகன இரைச்சல் மட்டும் கேட்டது; எங்கேயோ தெருவில் நின்றான்.

மன்னிப்புக் கேட்க றெஜிக்கு வாய் வரவில்லை. அண்ணன் தம்பிக்குள் அந்தச் சொல் புழங்கியதே இல்லை. பாட்டைத் திருப்பி அனுப்புகிறேன் என்று சொல்லவும் மனம் வரவில்லை. இந்த நிமிஷம்கூட, அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஒலியைக் கூட்டிப் போனைப் பெற்றோல் ராங்கின் மேல் வைத்தான். இரண்டு விரலால் ராங்கில் தட்டத் தொடங்கினான். டக் டக், கொஞ்சம் பிந்தி டக், டக். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் கை தாளத்தில் விழுந்த முதல் தடவை. தூண்டில்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு சுற்று. மூன்று. போனில் வாகனங்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. ஐந்து. வெட்டிவிடுவானோ என்று நினைத்தான். ஆறு. விரல் நோவெடுத்தது.

ஏழாவது தொடங்கியபோது, மறுமுனையில் ஒருவன் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

றெஜி விரலை நிறுத்தவில்லை.